விழுவதற்கு நாலரை வினாடி

இராவணன் வெட்டின் விளிம்பில் மந்திரவாதி நிற்கிறான். கதாநாயகி அவனைத் தள்ளிவிடுகிறாள். விழுந்துகொண்டே அவன் அவளுடைய ஏழு தலைமுறைக்கும் சாபம் போடுகிறான். அவள் பதில் சொல்கிறாள். அவன் சிரிக்கிறான். பிறகுதான் கடல்.

திருகோணமலையை வைத்து மாயக்கதை எழுத உட்காருகிற யாருக்கும் இந்தக் காட்சி ஒரு தடவையாவது மனதில் வந்து போகும். கோணேசர் மலையின் அந்த விளிம்பு கடல்மட்டத்திலிருந்து முந்நூறு அடிக்கு மேல். நூறு மீற்றர் என்று வைத்துக்கொண்டால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் விழ எடுக்கும் நேரம் நாலரை வினாடி. “உன் குலம்” என்று தொடங்கி வினைச்சொல்லுக்கு வருவதற்குள் ஆள் முடிந்துவிடுவான். சாபம் போடத்தான் வேண்டும் என்றால் அதைத் தள்ளுவதற்கு முதல் போட்டுவிட வேண்டும். அல்லது சாபம் நாலு சொல்லுக்குள் அடங்க வேண்டும். நாலு சொல்லில் அடங்கிய சாபம் இன்னும் பயங்கரமாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

பேயையும் பூதத்தையும் நம்பத் தயாராகத்தான் வாசகர் புத்தகத்தைத் திறக்கிறார். ஒரு பெரிய பொய்க்கு அவர் சம்மதித்துவிட்டார். அந்தப் பொய்யைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் பிசகினால்தான் கோபம் வரும். இந்த ஊரைக் களமாக வைத்து வரப்போகும் மாயப் புதினம் ஒன்றுக்குக் காத்திருக்கலாமா, வேண்டாமா என்பது முதல் முப்பது பக்கத்திலேயே தெரிந்துவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். எழுதுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் நிலா. மாயக்கதையில் அதிகம் பிழையாக எழுதப்படுகிற பாத்திரம் அதுதான். வளர்பிறையின் மெல்லிய கீற்று பொழுதுபட்டவுடன் மேற்கே தெரிந்து, கொஞ்ச நேரத்திலேயே மறைந்துவிடும். தேய்பிறையின் கீற்று விடியப்போகும்போது கிழக்கே எழும். ஆகவே நள்ளிரவில் பிறைநிலா என்று எழுதினால் அது மாயம் இல்லை, கவனக்குறைவு. நள்ளிரவில் பாதி நிலா என்றால் ஒன்றில் மறையப்போகும் வளர்பிறை அட்டமி, அல்லது அப்போதுதான் எழுகிற தேய்பிறை அட்டமி. உச்சியில் நிற்பது முழுநிலா மட்டும். நாளுக்கு நாள் நிலா எழுவது சராசரியாக ஐம்பது நிமிடம் பிந்தும். கதை ஐந்து இரவு தொடர்ந்து நடந்தால் முதல் இரவுக்கும் ஐந்தாம் இரவுக்கும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம்.

இதில் இந்த ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம். முழுநிலா நாளில் பொழுதுபடும் நேரத்துக்கு நிலா டச்சுக் குடாப் பக்கம் கடலிலிருந்து எழும். நீரில் விழும் வெளிச்சப் பாதையும் அங்கேதான். விடியப்போகும்போது அதே பாதை ஊரைத் தாண்டி உட்துறைமுகத்துத் தண்ணீரில் விழுந்துகிடக்கும். ஒரே இரவில் ஒரு பாத்திரம் இரண்டு கரையிலும் நிற்கலாம். கோணேசர் கோயிலடியில் சூரியன் வங்கக் கடலில் மறைந்தது என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைக்கலாம்.

முழுநிலா என்றால் இலங்கையில் போயா விடுமுறை. பாடசாலை, கந்தோர் எல்லாம் பூட்டு. சாராயக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு. முழுநிலா இரவில் மந்திரவாதிக்குச் சாராயமும் கோழியும் வேண்டும் என்றால் முதல்நாளே வாங்கி வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு சங்கடத்தை வைத்தே நல்ல அத்தியாயம் ஒன்று எழுதலாம்: படையலுக்கு வேண்டிய சாமானை வாங்க மறந்தவன் கடைக்காரனின் பின்கதவைத் தட்டுகிற அத்தியாயம்.

அடுத்தது கடல். அமாவாசை இரவில் கடல் வற்றி, தாழ்ந்துபோன கோயில் வெளியே தெரிகிறது என்பது கவர்ச்சியான கற்பனை. ஆனால் திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களிலும் ஒரு மீற்றருக்கும் குறைவு. கரையோரப் பாறையில் பாசி ஒட்டியிருக்கும் பட்டையைப் பார்த்தாலே விளங்கும். பத்து மீற்றர் வற்றவேண்டும் என்றால் அதற்கு மாயம் வேண்டும், அந்த மாயத்தை யாராவது ஒருவர் செய்ய வேண்டும், அதற்கு அவர் ஏதாவது கொடுக்க வேண்டும். அமாவாசை தன்பாட்டில் செய்து தராது. இன்னொன்று, கடல் உள்வாங்கியது என்று இந்தக் கரையில் எழுதும்போது 2004 டிசம்பர் 26 ஐத் தாண்டித்தான் அந்த வசனம் வாசகரிடம் போய்ச் சேரும். அன்றும் போயா. அதைத் தெரியாததுபோல் எழுதினால் வாசகர் மன்னிக்கமாட்டார்.

பேய் வரும்போது குளிர்காற்று வீசும் என்பது குளிர்நாட்டுப் பழக்கம். இங்கே ஆனி, ஆடியில் தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும். வறண்ட, சுடுகிற காற்று. தகரம் படபடக்கும், வாய் காயும், ஆட்களுக்கு எரிச்சல் வரும். (கச்சான் என்றால் கடலை மட்டும்தான் என்று நினைக்கும் வெளியூர்க்காரருக்கு எழுத்தாளர் ஒரு வரியில் விளங்கப்படுத்திவிடலாம்.) நாள் முழுக்க அடித்த கச்சான் திடீரென்று நின்றுவிட்டால் வருமே ஒரு புழுக்கம், இந்த ஊரில் பயத்துக்கு அதுதான் பொருத்தம். மூடுபனி வேண்டாம். மழை வேண்டும் என்றால் கார்த்திகை, மார்கழிக்குக் கதையைத் தள்ளுங்கள். ஆனால் அப்போது வானம் மூடியிருக்கும், நிலாவை நம்பிக் காட்சி அமைக்க முடியாது, கடலும் கொந்தளிப்பாக இருக்கும்.

இரவில் எங்கே போகலாம் என்பதும் ஒரு கேள்வி. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. நள்ளிரவில் கதாநாயகன் நேரே நடந்து இராவணன் வெட்டுக்குப் போனான் என்றால், வாசலில் அவனை யார் விட்டது? கடல்வழியாகப் பாறையில் ஏறினான் என்றால் அந்த ஏற்றமே ஒரு அத்தியாயம். உள்ளே இருட்டில் சோடி சோடியாகக் கண்கள் மின்னினால் ஊர்க்காரர் பயப்படமாட்டார், கோட்டை மான்கள். சோற்றுப் பார்சலுக்குப் பழகிய மான்கள், ஆளைக் கண்டு ஓடவும் மாட்டா. இந்த மான்கள் ஒருநாள் ஒருவனைக் கண்டு விலகி ஓடின என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வேறு விளக்கம் தேவையில்லை, வந்திருப்பவன் மனிதனில்லை.

ஆண்டுக்கணக்கும் உதைக்கும். கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறந்தார்கள். அதற்கு முதல் பாதை. நம்மூரில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மிதவை. வழி என்ற பொருளில் மட்டும் வாசித்துவிட்டு ‘பாதை கவிழ்ந்தது’ என்பது விளங்காமல் முழிக்கும் வாசகர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்லை மாற்றவேண்டாம், காட்சியைத் தெளிவாக எழுதினால் போதும். தொண்ணூறுகளில் நடக்கும் கதையில் நாலு இளைஞர்கள் இரவு பன்னிரண்டுக்குக் கடற்கரையில் ஆவியைத் தேடி உலாவுவதும் நடக்காது. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, ஊரடங்கு. அந்தக் காலத்தில் பேய் நடமாட இடம் இருந்தது, மனிதருக்குத்தான் இல்லை.

இவை எல்லாம் வேலிக்கால்கள். மாயத்தின் விதியை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பெரிய விஷயம். மந்திரம் சொன்னால் எல்லாம் நடக்கும் என்றால் ஐம்பதாம் பக்கத்தில் கதை செத்துவிடும். எந்தச் சிக்கலுக்கும் இன்னொரு மந்திரம் போதுமே. மாயத்துக்கு விலை வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். பலர் அந்த விலையை வெளிநாட்டுக் கதைகளிலிருந்து கடன் வாங்கி, மந்திரம் போட்டவனுக்கு மூக்கால் இரத்தம் வழியவிடுவார்கள். நமக்குக் கடன் தேவையில்லை. இராவணன் தாயின் வழிபாட்டுக்காக இந்த மலையையே பெயர்க்கப் பார்த்தான், வாளால் வெட்டினான், மலை வரவில்லை, வெட்டு மட்டும் மிஞ்சியது. அடுத்த காட்சி கன்னியாய். தாய்க்குக் கிரியை செய்ய வெந்நீர் ஊற்றுகள். ஊற்றை இராவணன் குத்தி எடுத்தான் என்றும் சொல்வார்கள், கிழவனாக வந்து தாய் இறந்த செய்தி சொன்ன விஷ்ணு உண்டாக்கியது என்றும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான்: யாருக்காக மலையில் கைவைத்தானோ அந்த ஆள் போய்விட்டாள். மாயம் செய்பவனுக்கு வலிக்காது, அவன் யாருக்காகச் செய்கிறானோ அவருக்குத்தான் நோகும். இந்த விதியை முதல் அத்தியாயத்தில் வைத்துக்கொண்டு, கடைசிவரை ஒரு தடவைகூட மீறாமல் எழுதிய நாவல் வந்தால் நான் முன்பணம் கட்டி வாங்குவேன். விஷ்ணு சொன்ன செய்தி உண்மையா, ஏமாற்றா என்ற இடைவெளியையும் கவனியுங்கள். இறந்ததாக நம்பிக் கிரியை செய்தால், உயிரோடு இருப்பவருக்கு என்ன ஆகும்?

கன்னியாயைப் பற்றி இன்னொன்று. ‘கொதிக்கும் கிணற்றில் தள்ளினார்கள்’ என்று எழுதக்கூடாது. அங்குள்ள ஏழு ஊற்றும் சிறிய சதுரக் கிணறுகள், இடுப்பளவு ஆழம். தண்ணீர் குளிக்கக்கூடிய சூடு, கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் வித்தியாசப்படும். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதுதான் வழக்கம், இறங்கி நீந்த இடமில்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு ஆட்கள் வரும் இடம். பயங்கரம் வேண்டுமென்றால் சூட்டை ஏற்றாதீர்கள். ஏழில் ஒன்று மட்டும் ஒருநாள் காலையில் குளிர்ந்திருக்கட்டும்.

தீர்க்கதரிசனம் இல்லாத மாயப் புதினம் அரிது. பெரும்பாலும் அது ஒரு கிழவி சொன்ன பாட்டாக இருக்கும், கடைசியில் எழுத்துப் பிசகாமல் பலிக்கும், ஆகவே சுவாரசியமும் இருக்காது. திருகோணமலையில் ஒரு தீர்க்கதரிசனம் கல்லிலேயே நிற்கிறது. 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழும்பியது. கோட்டை வாசல் நிலைக்கல்லில் இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. கோயிலைத் திருத்திக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டன் முன்னே செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான், பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஆட்கள் வருவார்கள் என்று போகிறது அந்த வெண்பா. கல்லில் எழுத்து உடைந்தும் தேய்ந்தும் கிடக்கிறது. முழுப் பாட்டு வாய்மொழியிலும் ஏட்டிலும் வந்தது. எந்தக் கண் எந்தத் தேசத்தான் என்பதில் ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒவ்வாது. கடைசி அடியில் வரும் ‘வடுகு’ யார் என்பது அதைவிடப் பெரிய வழக்கு.

இதைவிட நல்ல மூலப்பொருள் ஒரு எழுத்தாளருக்குக் கிடைக்குமா? உடைந்த எழுத்துதான் கதை. கல்லில் இருப்பதும் வாயில் வந்ததும் ஒரு சீரில் வேறுபட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். வெண்பாவில் ஒரு சீர் தொலைந்தால் அந்த இடத்தில் எதையும் போட முடியாது. தளை தட்டக்கூடாது, எதுகை நிற்க வேண்டும். ஆகவே இரண்டோ மூன்றோ சொற்கள்தான் பொருந்தும். யாப்புத் தெரிந்த ஒரு தமிழ் ரீச்சர் துப்பறிவாளராக இருக்கலாம். வெள்ளைக் குதிரை, வாள், கிரீடம் எதுவும் தேவைப்படாத தீர்க்கதரிசனக் கதை இது. செய்யக்கூடாதது ஒன்று: புகைக்கண்ணை இன்று உயிரோடு இருக்கும் ஒரு இனத்தின் தலையில் கட்டிவிட்டு முடிப்பது. மலிவாகப் போய்விடும், வாசகரும் அதை முன்கூட்டியே ஊகித்துவிடுவார்.

பூதங்களும் இருக்கின்றன. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பூதங்களை வைத்துக் கட்டுவித்தான் என்பது கதை. பூதத்தை வேலைக்கு வைத்தவன் அதற்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். குளம் முடிந்த பிறகு பூதம் என்ன செய்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால் ஒரு நாவலுக்குப் போதும். ஆனால் 1986 ஏப்ரல் 20 அதிகாலை அந்தக் குளத்தின் கட்டு உடைந்து, ஆட்கள் தூக்கத்திலேயே போனார்கள். பூதம் கோபித்ததால் உடைந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகக்கூடாது. உறவை இழந்தவர்கள் அந்தப் பக்கத்தை வாசிப்பார்கள். கதையை அந்த ஆண்டுக்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளலாம். கட்டைக் காவல் காக்கும் பூதம் ஒன்று தன் தவறை எண்ணிக் குமைவதாக எழுதினாலும் சரி.

ஒரு காட்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கரைவலையில் ஏதோ ஒன்று மாட்டுகிறது. தெரியாதவர் எழுதினால் “வலையை இழுத்தார்கள், உள்ளே ஒரு சிலை!” என்று ஒரே வரி. கரைவலை அப்படி வராது. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டு வந்து, மறு தலைப்பைக் கரைக்குத் தரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பின்பக்கமாக நடந்து இழுப்பார்கள். கயிறே ஒரு கிலோமீற்றரைத் தாண்டலாம். இழுத்து முடிக்க மணிக்கணக்கு ஆகும். வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு அடிக்கு அடி போகும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருக்குப் பாரம் கயிற்றில் முதல் தெரியும். பிறகு பறவைகள், மிதப்புகள் கிட்ட வரவர காகமும் கடற்பறவையும் தலைக்கு மேல் கூடும். பிறகு தண்ணீரின் நிறம் மாறும். மீன் சேரும் வலைப்பை, அதாவது மடி, கரைக்கு வருவது கடைசியில். ஆகவே பயமும் இந்த ஒழுங்கில்தான் வர வேண்டும். கயிறு கனக்கிறது, பாட்டு வேகம் குறைகிறது, நல்ல பாடு என்று எல்லாருக்கும் சந்தோசம். மிதப்பு கிட்ட வந்துவிட்டது. ஒரு பறவைகூட வரவில்லை. இந்த இடத்தில் அத்தியாயத்தை முடிக்கலாம். மடிக்குள் என்ன இருந்தது என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உரு வரும், அதாவது தெய்வமோ வேறொன்றோ ஆளில் இறங்கும் காட்சிகளில் திரைப்பட மந்திரவாதி புகுந்துவிடுவது இன்னொரு வியாதி. சாட்டை, மண்டையோடு, “வெளியே வா!” என்ற கத்தல். இங்கே கோயில் சடங்கில் உருவந்த ஆளோடு பேசுவது மரியாதையாகத்தான். “தாயே, ஆர் நீங்கள்? என்ன குறை வைச்சிட்டம்?” என்று கேட்பார்கள். வேப்பிலை, மஞ்சள் தண்ணி, உடுக்கு. வருவது தெய்வமா வேறு ஏதாவதா என்று தெரியாத அந்த இடைவெளியில் மரியாதை தவறினால் யாருக்கு ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பணிவுக்குள் இருக்கும் நடுக்கத்தை எழுதினால் போதும்.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் மூதூர், கிண்ணியாப் பக்கம் கதை நடந்தால் ஜின் வரும். ஜின்னைச் செத்தவரின் ஆவியாக எழுதுவது அடிப்படைப் பிழை. அது புகையில்லா நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட தனிப் படைப்பு, அதற்கும் குடும்பம் உண்டு, நல்லது கெட்டது உண்டு. ஓதிப் பார்ப்பவர் உடுக்கு அடிக்கமாட்டார். பேச்சிலும் கவனம் வேண்டும்: உம்மா, வாப்பா, நானா, ராத்தா என்று கூப்பிடும் வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று “அம்மா” என்று அழைத்தால் அதுவே பிசகுக்கு அடையாளம். இப்படி ஒரு உறவுச்சொல்லிலேயே ஆள் மாறிவிட்டதைக் காட்டலாம், கண்ணைச் சிவக்க வைக்கத் தேவையில்லை.

கைப்பிரதி பற்றிக் கொஞ்சம். முதல் முப்பது பக்கத்தில் ஏழு பெயருக்கு மேல் வேண்டாம். கற்பனை அரசு, குலம், நதி, வாள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தால் வாசகர் வரவுப் பதிவேடு வாசிப்பதுபோல் உணர்வார். மூன்று பாகம் என்று அறிவித்துவிட்டு முதல் பாகத்தில் ஒரு முடிச்சையும் அவிழ்க்காமல் விடுவது இப்போது பெருத்துவிட்டது. இரண்டாம் பாகம் வராமலே போனாலும் முதல் பாகம் தனியே நிற்க வேண்டும். அறுபதாயிரம் சொல் என்றால் பக்கத்துக்கு 250 சொல்லாக 240 பக்கம். அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்த்து அடிப்பது ஒரு போம், ஆக பதினைந்து போம் சரியாக வரும். 243 பக்கத்துக்குப் போனால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு போமுக்குக் காசு கட்ட வேண்டும். ஒரு வர்ணனையைக் குறையுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோட்டுக்கு மாற்றினால் ‘கௌரி’ என்பது ஔகாரக் குறி உடைந்து ‘கெளரி’ ஆகும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. மந்திரத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் பூதம் கட்டவிழும் என்று கதையில் எழுதியிருப்பவர்கள் இதையாவது திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

இனி, நான் காத்திருக்கும் கதைகள். சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றுக்குள் நடக்கும் கதை ஒன்று. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் கொள்ளும் இரும்புக் கூடு. வெறும் தாங்கிக்குள் பேசினால் சொல்லின் மேல் சொல் விழுந்து ஒன்றும் விளங்காது. அங்கே இருக்கும் ஒன்று பேச வேண்டுமென்றால் எவ்வளவு மெதுவாகப் பேசும்? இன்னொன்று, கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலில் வரும் கோயில் ஊழியர்களான தானத்தார், வரிப்பத்தாரின் தொழும்பு (கோயில் பணி) முறையை அப்படியே எடுத்து, நெல்லும் எண்ணெயும் அளந்து கொடுக்கும் ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணால் சொல்லும் பழங்காலக் கதை. கணக்கில் மாதம் ஒரு மரக்கால் குறைகிறது, வாங்கிப்போகும் ஆள் பட்டியலில் இல்லை.

மூன்றாவது தண்ணீருக்குள். 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடிக் கடலில் கோயில் இடிபாடுகளைக் கண்டார்கள். உலகமே அறிந்த விஞ்ஞானப் புனைகதைக்காரர் ஒருவர் நீந்திய இடம், அதைப் பற்றித் தமிழில் மாயப் புதினம் எழுத யாரும் கூச்சப்படத் தேவையில்லை. எல்லாரும் அந்தத் தூண்களோடு நின்றுவிடுவார்கள். அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் போங்கள். கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது, போகப்போக மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழம். மகாவலி கொண்டுவந்து கொட்டும் மண் அதற்குள் சரிந்துகொண்டே இருக்கிறது. திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவதும் இந்த ஆழத்தால்தான். இடித்துத் தள்ளிய கற்களில் ஒன்று மலையடியில் நிற்காமல் அந்தச் சரிவுக்குள் உருண்டிருந்தால், இன்னும் அது உருண்டுகொண்டிருக்கும் என்று தொடங்குங்கள்.